நம்ம ஆளா, எதிரியா?

1939 செப்டம்பர் 6. ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்து முழுசாக மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலை நேரம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையோரத்தில் அடையாளம் தெரியாத விமானங்கள் வருகின்றன என்று ஒரு தகவல். அவ்வளவுதான். இருப்பதையெல்லாம் கிளப்பிவிட்டார்கள். முதலில் ஹரிக்கேன் விமானங்கள் பறந்தன. பின்னாலேயே ஸ்பிட்ஃபயர்கள். இரண்டும் பிரிட்டிஷ் ராயல் விமானப்படையைச் சேர்ந்தவைதான்.

மேலே போன ஸ்பிட்ஃபயர்காரர்கள் தூரத்தில் சில விமானங்களைப் பார்த்தார்கள். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் என்று நினைத்தார்கள். சுட்டார்கள். இரண்டு விமானங்கள் விழுந்தன.

விழுந்தவை ஹரிக்கேன்கள்.

ஒரு பைலட் பிழைத்துக்கொண்டார். இன்னொருவர், மான்டேகு ஹல்டன் ஹாரப், இறந்துபோனார். வயது 26. அந்தப் போரில் உயிரை விட்ட முதல் பிரிட்டிஷ் ஃபைட்டர் பைலட் அவர்தான். கொன்றது சொந்தப் படை. வந்ததாகச் சொல்லப்பட்ட ஜெர்மன் விமானங்கள்? ஒன்றுகூட வரவில்லை. பொய்த் தகவல்.

சுட்ட இரண்டு பைலட்களையும் ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். சுடச் சொல்லி உத்தரவு வந்ததா, வரவில்லையா என்று பெரிய சர்ச்சை. கடைசியில் விடுதலை. 'பார்க்கிங் க்ரீக் சண்டை' என்று அதற்குக் கிண்டலாக ஒரு பெயரும் வைத்தார்கள். கிண்டல் செய்யக்கூடிய சமாசாரமா அது? ஆனால் ராணுவத்தில் வெட்கக்கேடான சம்பவங்களுக்கெல்லாம் இப்படி ஏதாவது ஒரு செல்லப்பெயர் வந்துவிடும்.

பைலட்டுக்கே இந்தக் கதி என்றால், கீழே பீரங்கியின் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனை நினைத்துப் பாருங்கள். அவன் விமானத்தில் ஏறியிருக்கக்கூட மாட்டான். ஆறு மாதம் முன்னால் மளிகைக் கடையிலோ வயலிலோ இருந்தவன். வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. பெரிதாகிறது. மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற விமானம், 800 மீட்டர் தூரத்தை ஆறே விநாடியில் தாண்டிவிடும். அந்த ஆறு விநாடிக்குள் அவன் முடிவெடுத்தாக வேண்டும். வருவது நம்ம ஆளா, எதிரியா? சுடாமல் விட்டு அது எதிரியாக இருந்தால் அவன் காலி. சுட்டு அது நம்ம ஆளாக இருந்தால்?

பக்கம் பக்கமாகப் படம் போட்டுப் புத்தகங்கள் அச்சடித்தார்கள். சுவரொட்டிகள் ஒட்டினார்கள். பிரயோஜனம் குறைவு. காகிதத்தில் விமானம் தட்டையாக இருக்கிறது. ஒரே கோணத்தில், அசையாமல், போட்டோவுக்கு போஸ் கொடுப்பதுபோல நிற்கிறது. வானத்தில் எந்த விமானம் அப்படி வரும்? சரிந்து வரும். திரும்பும். மூக்கை மட்டும் காட்டும், வயிற்றை மட்டும் காட்டும். ஆக, கையில் எடுத்து எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். பொம்மை. நிஜ விமானத்தின் அச்சு அசலான சிறிய பொம்மை.

அதுவும் ஒன்றிரண்டு போதாது. லட்சக்கணக்கில் வேண்டும்.

* * *

1941 டிசம்பர் 7 காலையில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. உலகம் அறிந்த கதை. அன்று இரவு அதே இடத்தில் நடந்தது அவ்வளவாக வெளியில் பேசப்படாத கதை. 'என்டர்பிரைஸ்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஆறு வைல்ட்கேட் விமானங்கள் இறங்க வந்தன. 'வருவது நம் விமானங்கள், சுடாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார்கள். காலையில் வாங்கிய அடியில் எல்லோருக்கும் நரம்பு முறுக்கேறிக் கிடந்தது. எவனோ ஒருத்தன் சுட ஆரம்பித்தான். அடுத்த விநாடி துறைமுகம் முழுக்க அத்தனை துப்பாக்கிகளும் வெடித்தன. மூன்று பைலட்கள் செத்துப்போனார்கள்.

இதற்குச் சில வாரங்கள் கழித்து, 1942-ன் ஆரம்பத்தில், அமெரிக்கக் கடற்படை ஓர் ஆர்டர் கொடுத்தது. பொம்மை விமானங்கள் தேவை. மொத்தம் ஐந்து லட்சம். ஐம்பது வகை விமானங்கள், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம். அமெரிக்க விமானம், பிரிட்டிஷ் விமானம், ஜெர்மன், ஜப்பான், இத்தாலி என்று எல்லாம் கலந்து கட்டி.

ஆர்டர் யாருக்குப் போனது தெரியுமா? எந்தக் கம்பெனிக்கும் இல்லை. கம்பெனிகள் எல்லாம் நிஜ விமானம் செய்வதில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தன. ஆர்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு!

கடற்படை அமைச்சர் ஃப்ராங்க் நாக்ஸ் வேண்டுகோள் விடுத்தார். மத்திய அரசின் கல்வி அலுவலகம் ஏற்பாடுகளைச் செய்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மரவேலை வகுப்பு என்று ஒன்று உண்டு. வழக்கமாக அங்கே புத்தக ஸ்டாண்டு, பறவைக்கூடு, ஸ்டூல் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அந்த வகுப்புகளுக்கு விமானங்களின் வரைபடங்களும் அளவுகளும் போய்ச் சேர்ந்தன. 'ஸ்டூலை ஓரமாக வையுங்கள். இனிமேல் மெஸ்ஸர்ஷ்மிட் செய்யப் போகிறோம்.'

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பி.காம். படித்தவனிடம் மாட்டிக்கொண்டீர்கள், வேறு வழியில்லை.

பொம்மையின் அளவு 72-ல் ஒரு பங்கு. இதென்ன விசித்திரமான எண் என்று தோன்றலாம். ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆறடிக்கு 72 அங்குலம். ஆக நிஜத்தில் ஆறடி என்பது பொம்மையில் ஓர் அங்குலம். காக்பிட்டில் ஓர் ஆறடி ஆளை நிறுத்தினால் அவன் உயரம் ஓர் அங்குலம். பிரிட்டனில் 1930-களிலேயே 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் இந்த அளவில் மர விமானங்களைப் பொழுதுபோக்குக்காக விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே பிரபலமாகியிருந்த அளவுதான் இது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 36 அடி 10 அங்குலம். பொம்மையில் ஆறு அங்குலம் சொச்சம். உள்ளங்கையில் அடங்கிவிடும். பி-17 குண்டுவீச்சு விமானம் என்றால் பதினேழு அங்குலத்துக்கு மேல் வரும். பையன் இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

இந்தப் பொம்மையை 35 அடி தள்ளி வைத்துப் பாருங்கள். 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. ஏறக்குறைய அரை மைல். அதாவது, நிஜ விமானம் அரை மைல் தூரத்தில் பறந்தால் எப்படித் தெரியுமோ, அச்சாக அப்படித் தெரியும். ஒரு சாதாரண பயிற்சிக் கூடத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவே ஆகாயத்தையே கொண்டுவந்துவிட்டார்கள்!

அதனால்தான் அளவில் அத்தனை கண்டிப்பு. அட்டையில் வெட்டிய அச்சுகள் இருந்தன. மூக்குக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. பொம்மையின் மேல் அச்சை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் உளி, மறுபடியும் உப்புத்தாள். ஒரு விமானத்தின் இறக்கை முனை கொஞ்சம் உருண்டையாக இருக்கும், இன்னொன்றின் முனை வெட்டிவிட்டது மாதிரி இருக்கும். பையன் சோம்பல்பட்டு உப்புத்தாளை நாலு தேய் அதிகமாகத் தேய்த்துவிட்டால் எதிரி விமானம் நம் விமானம் ஆகிவிடும். அதைப் பார்த்துப் படித்தவன் எங்கோ பசிபிக் கடலில் ஒருநாள் சொந்தக்காரனைச் சுட்டு வீழ்த்துவான். மரவேலை வகுப்பில் இதற்கு முன்னால் யார் மேலும் இப்படி ஒரு பாரம் ஏறியிருக்காது.

பொம்மை செய்கிறவர்களுக்குப் பிடித்த மரம் பால்ஸா. பூ மாதிரி இருக்கும், பிளேடால் சீவலாம். தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அதற்கு ஏகக் கிராக்கி. உயிர்காக்கும் மிதவைகளுக்கு அது வேண்டும். பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' என்கிற விமானத்தின் உடம்பே பால்ஸாவும் ஒட்டுப்பலகையும்தான். நிஜ விமானம் மரத்தில் செய்கிற அன்றைக்கு, பொம்மை விமானத்துக்கு மரம் இல்லை! பிள்ளைகள் பைன் மரத்தில் செதுக்கினார்கள். கிடைத்த துண்டு துக்கடாவில் எல்லாம் செதுக்கினார்கள்.

செய்து முடித்ததும் ஒரு காரியம். நட்சத்திரம், ஸ்வஸ்திகா, சிவப்பு வட்டம் என்று கலர் கலராக வரைந்து அழகு பார்க்கத்தானே எந்தப் பையனுக்கும் கை துறுதுறுக்கும்? கூடாது. முழுக்க முழுக்கக் கறுப்பு. வெளிச்சமான வானத்தின் முன்னால் ஒரு விமானம் வரும்போது வண்ணமும் தெரியாது, சின்னமும் தெரியாது. கறுப்பு நிழலுருவம் மட்டும்தான். நட்சத்திரம் தெரிகிற தூரத்துக்கு அது வந்துவிட்டால், அதற்கப்புறம் தெரிந்து என்ன பயன்?

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன சம்பளம்? பூஜ்யம். கொடேஷன் இல்லை, இன்வாய்ஸ் இல்லை, அட்வான்ஸ் இல்லை. அதற்குப் பதிலாகக் கடற்படை ஒரு சாமர்த்தியம் செய்தது. சான்றிதழ் கொடுத்தது. அதிலே பதவி! இத்தனை விமானம் செய்தால் நீ கௌரவ கேடட். இன்னும் செய்தால் என்சைன். அப்புறம் லெஃப்டினென்ட், கமாண்டர். உச்சத்தில் கேப்டன். பதினைந்து வயதுப் பையனிடம் காசைக் கொடுத்தால் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிடுவான். கேப்டன் என்று எழுதிக் கொடுத்தால் ராத்திரி பகலாக மரம் சீவுவான். வாணிபம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட மலிவான கொள்முதல் ஒப்பந்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

* * *

இந்த இடத்தில் நாம் வாஷிங்டன் நகரத்துக்குள் போய் ஒரு பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. இசைமேதை ட்யூக் எலிங்டன் படித்த பள்ளி. 1942 மார்ச்சில் மார்ஜரி காலின்ஸ் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர் அங்கே போய்ப் படம் எடுத்தார். மாணவர்கள் கடற்படைக்காக விமானம் செய்கிற படங்கள். இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. படத்தில் இருக்கும் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகள். அப்போது அமெரிக்கத் தலைநகரில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரும் வரைக்கும் அதுதான் சட்டம்.

சரி, அதனால் என்ன என்கிறீர்களா? இந்தப் பிள்ளைகள் யாருக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தார்களோ, அந்தக் கடற்படையில் அந்த மாதம் ஒரு கறுப்பர் என்னவாகச் சேர முடியும்? சமையல் கட்டில், சாப்பாட்டு மேஜையில் எடுபிடியாக. அதிகாரிகளுக்குத் தட்டு வைக்கலாம், படுக்கை விரிக்கலாம், ஷூவுக்கு பாலிஷ் போடலாம். மாலுமியாக முடியாது. பீரங்கிக்காரனாக முடியாது. அதிகாரியா? அந்தப் பேச்சே கிடையாது. அந்தக் கடற்படையின் வரலாற்றிலேயே அதுவரை ஒரு கறுப்பர்கூட அதிகாரியாக நியமிக்கப்பட்டதில்லை.

மரத்தில் பொம்மை செய்தால் காகிதத்தில் கேப்டன். நிஜத்தில் போய் நின்றால் தட்டு கழுவ வேண்டும். பொம்மை கேட்டு வேண்டுகோள் விடுத்த அதே ஃப்ராங்க் நாக்ஸ்தான், கறுப்பர்களை மற்ற வேலைகளில் சேர்ப்பதற்கும் குறுக்கே நின்றவர். ஒரே மேஜை, ஒரே பேனா!

இன்னொரு ஆளையும் இங்கே நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும். டோரிஸ் மில்லர். 'வெஸ்ட் வர்ஜீனியா' போர்க்கப்பலில் சமையற்கட்டுப் பணியாள். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தபோது துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தவர், குண்டு விழுந்ததும் மேல்தளத்துக்கு ஓடினார். உயிருக்குப் போராடிய கப்பல் தலைவரைத் தூக்க உதவினார். பிறகு ஆளில்லாமல் கிடந்த விமான எதிர்ப்பு எந்திரத் துப்பாக்கியின் பின்னால் நின்று, குண்டு தீரும்வரை ஜப்பானிய விமானங்களை நோக்கிச் சுட்டார். அந்தத் துப்பாக்கியை இயக்க அவருக்கு ஒருநாள் பயிற்சிகூட யாரும் கொடுத்ததில்லை. கறுப்பருக்கு எதற்குப் பயிற்சி?

1942 மே மாதம் அவர் நெஞ்சில் 'நேவி கிராஸ்' பதக்கத்தைக் குத்தினார் அட்மிரல் நிமிட்ஸ். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பர். பதக்கம் வாங்கிய பிறகு அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? திரும்பவும் சமையற்கட்டு. 1943 நவம்பரில் அவர் இருந்த கப்பல் மூழ்கியது. அவரும் போய்விட்டார்.

ஆம்ஸ்ட்ராங் பள்ளிப் பிள்ளைகள் செய்தவை, விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்காரர்களின் பயிற்சிக்கான பொம்மைகள். அந்தப் பயிற்சிக்கூடத்தில் டோரிஸ் மில்லருக்கு நாற்காலி கிடையாது. அந்தப் பிள்ளைகளின் அண்ணன்மார்களுக்கும் கிடையாது.

1942 ஜூன் 1 முதல் கறுப்பர்களைப் பொதுப் பணிகளிலும் சேர்க்க ஆரம்பித்தார்கள், அதிபர் ரூஸ்வெல்ட்டின் நெருக்குதலுக்கு அப்புறம். முதல் கறுப்பின அதிகாரிகள், மொத்தமே 13 பேர், வந்தது 1944 மார்ச்சில். அடுத்த மாதமே நாக்ஸ் காலமானார்.

* * *

பொம்மைகள் என்னவாயின?

கடற்படைக்கு, தரைப்படைக்கு, கரையோரங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தொண்டர்களுக்கு என்று பிரிந்து போயின. அமெரிக்காவில் அப்போது சுமார் 14,000 கண்காணிப்பு நிலையங்களில் பதினைந்து லட்சம் சாதாரண ஜனங்கள் முறை வைத்து வானத்தைப் பார்த்தார்கள். இல்லத்தரசிகள், ரிட்டயரானவர்கள், விவசாயிகள். எதிரி அநேகமாக வரவேயில்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச காலத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. சிகாகோவின் க்ரூவர் என்ற கம்பெனி அதே 72-ல் ஒரு பங்கு அளவில், கறுப்பு நிறத்தில், அச்சில் வார்த்துத் தள்ளியது. மரத்தில் ஒரு பையன் பல நாள் உட்கார்ந்து செய்ததை மெஷின் நிமிஷங்களில் துப்பியது. ஆனால் அந்தக் கால பிளாஸ்டிக் வெயிலில் நெளியும். இறக்கை வளைந்த விமானத்தை வைத்துக்கொண்டு என்ன பாடம் எடுப்பது?

பாடம் எடுக்கும் முறையிலும் ஒரு தகராறு. இறக்கை எப்படி, என்ஜின் எத்தனை, உடல் எப்படி, வால் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவுக்கு வா என்று முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்தால் 'வெஃப்ட்'. சிப்பாய்கள் அதற்கு வேறு விரிவு கண்டுபிடித்தார்கள். 'ஒவ்வொரு தடவையும் தப்பு' என்று அர்த்தம் வரும், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு. நியாயம்தான். ஆறு விநாடியில் வாலை எண்ணி என்ஜினை எண்ணிக்கொண்டிருந்தால் ஆள் இருப்பானா?

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரென்ஷா என்று ஓர் உளவியல் பேராசிரியர். அவர் கேட்டார்: உன் அம்மா தெரு முனையில் வருகிறாள். மூக்கு எப்படி, காது எப்படி என்று பார்த்தா அம்மா என்று கண்டுபிடிக்கிறாய்? வார்த்தைகள் என்னுடையவை, வாதம் அவருடையது. முழு உருவத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கக் கண்ணைப் பழக்கு என்றார். திரையில் விமானப் படத்தை மின்னல் மாதிரி காட்டுவார்கள். பழகப் பழக நேரத்தைக் குறைப்பார்கள். கடைசியில் ஒரு விநாடியில் 75-ல் ஒரு பங்கு நேரம்! கண் சிமிட்டவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அப்படியும் சரியாகச் சொன்னார்கள். கடற்படை இந்த முறையை எடுத்துக்கொண்டது.

ஆனால் பொம்மையோ படமோ, தெரிந்ததைத்தானே காட்ட முடியும்? ஜெர்மனியில் ஹெய்ன்கெல் கம்பெனி 'ஹெய்ன்கெல் 100' என்று ஒரு விமானம் செய்திருந்தது. ராணுவம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மிஞ்சியது பத்துப் பன்னிரண்டு விமானம். ஜெர்மன் பிரசாரக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், அதே விமானங்களுக்கு விதவிதமாகச் சின்னங்களை மாற்றி மாற்றி பெயிண்ட் அடித்துப் படமெடுத்து, 'ஹெய்ன்கெல் 113' என்று புதுப்பெயர் வைத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டன் நம்பியது. அடையாளப் புத்தகங்களில் அது ஏறியது. 1940-ல் பிரிட்டிஷ் பைலட்கள் பலர் ஹெய்ன்கெல் 113-ஐ எதிர்த்துச் சண்டை போட்டதாக ரிப்போர்ட் எழுதினார்கள். சுட்டு வீழ்த்தியதாகவும்கூட! இல்லாத விமானத்தை. அடையாளம் சொல்லிக் கொடுத்தால் கண்ணுக்கு அது தெரிய ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது.

நிஜமான ஒற்றுமைகளும் படுத்தின. பிரிட்டனின் டைஃபூன் விமானம் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-ஐப் போலவே இருந்து தொலைத்தது. சொந்த ஆட்களே சுட்டார்கள். 1942 கடைசியில் டைஃபூன் இறக்கையின் அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க மஸ்டாங், மெஸ்ஸர்ஷ்மிட் 109 மாதிரி தெரிந்தது. அதற்கும் அதே பிரச்னை.

எல்லாவற்றையும்விட மோசம் சிசிலி.

1943 ஜூலை 11 இரவு. இத்தாலியின் சிசிலித் தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. உதவிக்காக வட ஆப்பிரிக்காவின் துனீசியாவிலிருந்து 144 சி-47 விமானங்களில் சுமார் 2,000 பாராசூட் வீரர்கள் கிளம்பினார்கள். கடற்கரையில் நிற்கிற கப்பல்களுக்கும் பீரங்கிகளுக்கும் முன்கூட்டியே தகவல் அனுப்பப்பட்டது. ஆனால் அன்று பகல் முழுக்க ஜெர்மன் விமானங்கள் வந்து வந்து அடித்திருந்தன. கடைசித் தாக்குதல் முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதலில் வந்த விமானங்கள் பத்திரமாக ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின. அடுத்த வரிசை வரும்போது எங்கிருந்தோ ஒரே ஒரு துப்பாக்கி வெடித்தது. பேர்ல் ஹார்பர் ராத்திரியின் அதே கதை. ஒன்று தொடங்கியதும் மொத்தக் கரையும் சுட்டது. மெதுவாக, தாழ்வாக, நேர்கோட்டில் வந்த விமானங்கள். 23 விமானங்கள் விழுந்தன. 37 பலத்த சேதம். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து முந்நூறுக்கும் அதிகம். பாராசூட்டில் தொங்கிக்கொண்டு இறங்கியவர்களையும் சுட்டார்கள்.

ராத்திரி. பயம். களைப்பு. கறுப்புப் பொம்மையை எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருந்தாலும் இருட்டில் சி-47-க்கு என்ன உருவம் இருக்கிறது?

மறு வருஷம் நார்மண்டி படையெடுப்பு வந்தபோது நேச நாடுகள் கண்ணை நம்பவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே வானத்தில் பறக்கப் போகின்றன. சுலபமான ஒரு வழியைப் பிடித்தார்கள். 1944 ஜூன் 6-க்கு முந்தைய சில நாட்களில், ரகசியம் வெளியே போகாமல், விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் பட்டை அடிக்கச் சொல்லி உத்தரவு. மூன்று வெள்ளை, நடுவே இரண்டு கறுப்பு. பிரஷ் பற்றாமல் துடைப்பத்தாலெல்லாம் அடித்திருக்கிறார்கள். கோணல் மாணலாக, வழிந்து போய். பழைய போட்டோக்களில் பார்க்கலாம். பட்டை இருந்தால் நம்ம ஆள். முடிந்தது சோலி. இறக்கை முனை உருண்டையா, வெட்டா என்ற கேள்வியே இல்லை.

அப்படியானால் பிள்ளைகளின் அரை மில்லியன் பொம்மைகளும் வீணா? எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. சுட்டு விழுந்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்ததால் தப்பித்து வீட்டுக்குப் போனவர்களை எந்த லெட்ஜரில் எழுதுவது? அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதற்காகப் பூஜ்யம் என்று போட முடியுமா?

போர் முடிந்த பிறகும் அந்த 72 மட்டும் போகவில்லை. 1953-ல் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி தன் முதல் பிளாஸ்டிக் விமானப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பிரித்து, ஒட்டி, நாமே செய்துகொள்கிற ஸ்பிட்ஃபயர். அளவு 72-ல் ஒரு பங்கு. விலை இரண்டு ஷில்லிங். பிறகு உலகம் முழுக்க லட்சோப லட்சம் சிறுவர்கள் அதே அளவில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

காசுக்கு விமானம் செய்து கொடுக்கிற தொழிலும் தனியாக வளர்ந்தது. பிலிப்பைன்ஸில் க்ளார்க் என்ற அமெரிக்க விமானத்தளத்தைச் சுற்றியிருந்த மரச்சிற்பிகள், அங்கே வேலை பார்த்த சிப்பாய்கள் ஓட்டிய விமானத்தை மஹாகனியில் செதுக்கிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது மேஜை மேல் வைத்துக்கொள்ள. 1991-ல் பினாடுபோ எரிமலை வெடித்து, தளமும் மூடப்பட்டது. செதுக்குகிறவர்கள் நிறுத்தவில்லை, வெளிநாட்டு ஆர்டருக்குச் செய்து அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதையே வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தா ஓட்டிய விமானம் வேண்டும், வால் எண் இது, மூக்கில் வரைந்திருந்த படம் இது, இடது இறக்கையில் ஒட்டுப் போட்ட இடம் இது என்று பேரன்கள் ஆர்டர் கொடுக்கிறார்கள். இவர்களுக்குக் கறுப்பு பெயிண்ட் ஆகாது. ஒவ்வொரு கீறலும் வேண்டும். 1942-ல் எது எல்லாம் வேண்டாம் என்று அழித்தார்களோ, அதற்குத்தான் இன்றைக்குக் காசு.

உங்கள் வீட்டுப் பையன் எங்காவது 72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் ஒட்டி வைத்திருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். மொட்டை மாடிக்குப் போங்கள். அவனை 35 அடி தள்ளி நிற்கச் சொல்லி, வானத்தைப் பின்னால் வைத்து, பொம்மையைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு கணம் திறந்து மூடுங்கள்.

ஹரிக்கேனா, மெஸ்ஸர்ஷ்மிட்டா, ஸ்பிட்ஃபயரா? சீக்கிரம் சொல்லுங்கள்.